நான்கு மணி நேரம் வாசித்தும் விரல் ஏன் வழிக்கு வரவில்லை?

வாசகி ஒருவர் எழுதிய கடிதம் ஏழு பக்கம். எழுதியவரை யாரும் அடையாளம் காணாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 54 வயது. முப்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன் வயலின் வகுப்பில் சேர்ந்தார். முதல் இரண்டு மாதம் அவருக்கே வியப்பாக இருந்ததாம். வில்லைப் பிடிக்கவே தெரியாத கை, அடிப்படை ஸ்வர வரிசைகளைத் தடங்கலில்லாமல் வாசித்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, கடந்த மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறார். வேகத்தைக் கூட்டினால் சுருதி விலகுகிறது. சுருதியைக் கவனித்தால் வில் தடுமாறுகிறது. உடன் சேர்ந்த 11 வயதுச் சிறுமி நான்கு பாடம் முன்னால் போய்விட்டாள். “வீட்டில் ‘ஐந்தில் வளையாதது’ என்று தொடங்குகிறார்கள், மீதியை நானே முடித்துக்கொள்கிறேன்” என்று எழுதியிருக்கிறார்.

பிடிவாதக்காரர். பயிற்சியை ஒரே அமர்வில் நான்கு மணி நேரமாக்கினார். அதற்காகத் தூக்கத்தை ஐந்து மணி நேரமாகக் குறைத்துக்கொண்டார். ஒரே வரிசையை நூறு முறை, இருநூறு முறை வாசிக்கிறார். இரவு முடிக்கும்போது கை சரளமாக ஓடுகிறது. மறுநாள் எடுத்தால் எல்லாம் ஆவியாகிவிடுகிறது. ஆனால் ஒருமுறை காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்துவிட்டு எடுத்தபோது, வழக்கத்தைவிட நன்றாக வாசித்தாராம். அது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: ஆறு வாரமாக வாசிக்கும்போது இடது கைச் சுண்டு விரல் உள்ளே மடங்குகிறது, சில நாள் மரத்தும் போகிறது.

கேள்விகள் நான்கு. மூளைக்கு வயதாகிவிட்டதா? எம்ஆர்ஐ எடுத்தால் மூளை மாறியிருக்கிறதா என்று தெரியுமா? தலையில் மாட்டிக்கொண்டு லேசான மின்சாரம் செலுத்தும் கருவி விற்கிறார்களே, அதை வாங்கலாமா? நிறுத்திவிட்டால் இதுவரை கற்றதும் போய்விடுமா?

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த விரல்

நீங்கள் கடைசியில் ஒற்றை வரியாக விட்டிருக்கும் சுண்டு விரலைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூளையைப் பற்றிப் பிறகு நிதானமாகப் பேசலாம்.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல்வரை சுரீரென்று ஓடுமே, அந்த நரம்பின் பெயர் அல்நார் நரம்பு. முழங்கையின் உட்பக்க எலும்பை ஒட்டி, தோலுக்குச் சற்றே கீழாகப் போகிறது. வயலின் வாசிக்கும்போது இடது முழங்கை நன்றாக மடங்கி, உள்நோக்கித் திரும்பியிருக்கும். அந்த நிலையில் நரம்பு இழுபடும், அழுத்தமும் படும். இடைவெளியே இல்லாமல் நான்கு மணி நேரம் என்றால் சுண்டு விரலும் மோதிர விரலின் ஒரு பக்கமும் மரத்துப்போவதில் வியப்பில்லை. இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது என்பதால் ஒரு நரம்பியல் மருத்துவரை நேரில் பாருங்கள். நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை பெரும்பாலும் விடை சொல்லிவிடும். வயலினையும் எடுத்துக்கொண்டு போங்கள், கூச்சப்பட வேண்டாம். வாசித்துக் காட்டினால்தான் விரல் எந்த நொடியில் மடங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். வாசிக்காத நேரத்திலும் கை மந்தமாக இருந்தாலோ, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனாலோ, சும்மா இருக்கும்போது கை நடுங்கினாலோ அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவை வேறு திசையில் பார்க்கவேண்டிய அறிகுறிகள்.

இணையத்தில் தேடி ‘டிஸ்டோனியா’ என்ற சொல்லைக் கண்டுபிடித்துப் பயந்துபோயிருக்கிறீர்கள். அது உண்மையான நோய்தான். தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் வலியும் இருக்காது, மரப்பும் இருக்காது. கருவியைத் தொட்டால் மட்டும் விரல் சொன்னபடி கேட்காது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷருக்கு 1960களில், முப்பதுகளின் நடுவயதில், வலது கை இப்படித்தான் கைவிட்டது. பல ஆண்டுகள் இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையை வாசித்துக் காலம் தள்ளினார். ஆனால் இது வழக்கமாகப் பல ஆண்டுக் கடும் பயிற்சிக்குப் பிறகு வருவது. எட்டு மாத மாணவிக்கு வருவது மிக அரிது. உங்களுக்கு மரப்பும் இருப்பதால் நான் முழங்கை நரம்பின் பக்கமே சாய்கிறேன்.

அந்த நோய் எப்படி வருகிறது என்பதில் உங்களுக்கு ஒரு பாடம் இருப்பதால் இன்னும் இரண்டு வரி. மூளையின் மேலடுக்கில் தொடுவுணர்வைப் பெறும் பகுதியான உணர்வுப் புறணியில் ஒவ்வொரு விரலுக்கும் தனி இடம் உண்டு. 1996இல் வெளியான ஓர் ஆய்வில் நான்சி பில், மைக்கேல் மெர்சனிக் குழுவினர் குரங்குகளை ஒரே பிடிப்பசைவை விடாமல் செய்யவைத்தார்கள். கை தடுமாறத் தொடங்கிய குரங்குகளின் மூளையில், தனித்தனியாக இருக்கவேண்டிய விரல்களின் இடங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. மூளை மாறும் என்பதை நாம் எல்லோரும் வரமாகவே பேசுகிறோம். மடங்கிய விரலோடு இருநூறு முறை வாசித்தால், மடங்கிய விரலோடு வாசிப்பதைத்தான் அது படித்துக்கொள்ளும். ‘வலியைத் தாண்டி வாசித்தால் சரியாகிவிடும்’ என்று ஏதோ காணொளியில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அந்த இரண்டு மாதமும் இந்த மூன்று மாதமும்

புதிய அசைவு ஒன்றைத் தொடங்கும்போது, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி தலைகீழாய் நின்று வேலை செய்கிறது. எந்த விரல், எந்தத் தந்தி, வில் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று ஒவ்வொன்றையும் அது கவனித்தாக வேண்டும். அதனால்தான் முதல் வாரங்களில் அரை மணி நேரம் வாசித்தாலே தலை கனத்ததாகச் சொல்கிறீர்கள்.

இன்னொரு பக்கம் சிறுமூளை. பெயரில்தான் சிறு, மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் இருக்கின்றன. விரல் போகவேண்டிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்டு, அடுத்த அசைவைத் திருத்துவது அதன் முக்கிய வேலை. ஆண்டு முடிவில் இரண்டு பேரேடுகளை ஒத்துப்பார்த்த உங்களுக்கு இது தெரிந்த வேலைதான். வித்தியாசம் கண்ணில் பட்டால்தான் திருத்தம் நடக்கும். களைத்துப்போன காது சுருதி விலகியதைக் கேட்காவிட்டால், சிறுமூளைக்குத் திருத்த ஒன்றும் இல்லை. உங்கள் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் இதுதான் நடக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

பெரிய பிழைகள் சீக்கிரம் திருந்திவிடும். ஆகவே தொடக்க முன்னேற்றம் எந்த வயதிலும் செங்குத்தாக ஏறும், பிறகு ஏறும் வேகம் குறையும். அந்த இரண்டு மாதத்தை அளவுகோலாக வைத்து இந்த மூன்று மாதத்தை அளப்பதே முதல் தவறு.

தேக்கம் புதிய செய்தியும் அல்ல. 1890களின் கடைசியில் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தந்தி அலுவலக ஊழியர்களைப் பின்தொடர்ந்தார்கள். தந்தி அனுப்பும் வேகம் சீராக ஏறியது. தந்தியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகமோ வாரக்கணக்கில் அசையாமல் நின்று, பிறகு திடீரென்று எழும்பியது. அந்த ஊழியர் அதுவரை எழுத்தெழுத்தாகக் கேட்டவர், அதன்பின் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கியிருந்தார் என்பது அவர்கள் தந்த விளக்கம். மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகள் இப்படிக் கோக்கும் வேலையில் பெரும்பங்கு வகிப்பதை இன்று அறிவோம். தனித்தனி அசைவுகள் கோக்கப்பட்டு, முதல் அசைவைத் தொட்டால் மற்றவை தாமாகத் தொடரும்படி ஆகின்றன. இருந்தாலும், எல்லாத் தேக்கமும் இப்படித் தானாக உடையும் என்று நான் உறுதி தரமாட்டேன். பின்னால் வந்த ஆய்வாளர்களில் சிலருக்கு இத்தகைய தேக்கம் தென்படவே இல்லை. பயிற்சி செய்யும் விதமே சிலரைத் தேக்கி வைத்திருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் அந்த வகை என்றே படுகிறது.

நான்கு மணி நேரக் கணக்கு

1970களில் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பிக்கவேண்டி வந்தது. ஆலன் பேடலியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரம் வீதம் நாளுக்கு இருமுறை, ஆக நான்கு மணி நேரம். மற்ற இரண்டும் இடைப்பட்டவை. விசைப்பலகையைக் கற்று முடிக்க முதல் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரப் பயிற்சி போதுமாக இருந்தது. நான்கு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 மணி நேரம் பிடித்தது. அதே வேலைக்குப் பதினைந்து மணி நேரம் கூடுதல்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. சிக்கனமாகக் கற்ற ஒரு மணி நேரக் குழுவினர்தான் தங்கள் பயிற்சியைப் பற்றி மிகவும் அதிருப்தியாக இருந்தார்கள். நாள் கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முன்னே போவதுபோல் தெரிந்ததே காரணம். உங்களுக்கும் இதேதான் நடக்கும். நான் சொல்கிறபடி பயிற்சியைக் குறைத்தால், முதல் சில வாரங்களில் ‘இந்த டாக்டர் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்’ என்றுதான் தோன்றும்.

‘ஒரே வரிசையை இருநூறு முறை’ என்பதற்கும் இப்படி ஒரு சோதனை இருக்கிறது. 1979இல் ஷே, மார்கன் இருவரும் சிலருக்கு மூன்று விதமான கையசைவுகளைக் கற்பித்தார்கள். ஒரு சாரார் ஒன்றை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். மறு சாரார் மூன்றையும் கலைத்துப்போட்டுப் பழகினார்கள். பயிற்சி நேரத்தில் முதல் சாரார் வேகமாகச் செய்தார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலைத்துப் பழகியவர்களே மேல். ஒன்றையே திருப்பிச் செய்யும்போது, சற்றுமுன் செய்தது கையிலேயே சூடாக இருக்கிறது. மூளை அதை மீண்டும் தேடி எடுக்க வேண்டியதில்லை. வேறொன்றுக்குப் போய்த் திரும்பினால் ஒவ்வொரு முறையும் தேடி எடுத்தாக வேண்டும். அந்தத் தேடலில்தான் கற்றது ஆழமாகப் பதிகிறது. இரவு பதினொரு மணிக்கு உங்கள் கை சரளமாக ஓடுவது அந்தச் சூடு. காலையில் ஆறிவிடுகிறது. உங்கள் உழைப்பில் குறை இல்லை. பயிற்சி நேரத்தில் கை எப்படி ஓடியது என்பதை வைத்து அன்றைய கல்வியை மதிப்பிட்டதுதான் பிசகு. மறுநாள் காலை, கை சூடேறும் முன் வாசிக்கும் முதல் வாசிப்பே மதிப்பெண்.

காய்ச்சல் நாள்களின் அதிசயத்துக்கும் வருகிறேன். 2002இல் மேத்யூ வாக்கர் குழுவினர் சிலருக்கு, இடது கை விரல்களால் ஐந்து தட்டல்கள் கொண்ட ஒரு வரிசையைக் கற்றுக்கொடுத்தார்கள். விழித்திருந்தே 12 மணி நேரம் கழித்தவர்களிடம் பெரிய முன்னேற்றம் இல்லை. இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம், நடுவில் ஒரு முறைகூடப் பழகாமலேயே, சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. பிந்தைய ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே அளவு கிடைக்கவில்லை. ஆனாலும் அசைவுக் கல்விக்குத் தூக்கம் துணை என்பதில் எனக்கு ஐயமில்லை. பத்து விநாடி தட்டு, பத்து விநாடி ஓய்வு என்று பழகியவர்களுக்குத் தொடக்க முன்னேற்றம் அந்தக் குட்டி ஓய்வுகளுக்குள்ளேயே நேர்வதாக 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. களைப்பு ஆறுவதைத்தான் அப்படிப் பார்க்கிறார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும் காய்ச்சலில் படுத்த மூன்று நாளில் நீங்கள் ஒன்றையும் இழக்கவில்லை. கைக்குத் தேவையானதைக் கொடுத்தீர்கள். பயிற்சிக்காகத் தூக்கத்தை வெட்டுவது, விதைக்க நேரம் வேண்டும் என்று தண்ணீர் விடுவதை நிறுத்துவது போல.

‘10,000 மணி நேரம் பழகினால்தான் வல்லவராகலாம்’ என்று உங்கள் மகன் சொன்னாரே, அந்தக் கணக்கு பிறந்ததே வயலின் மாணவர்களிடம்தான் என்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லினில் இசை மாணவர்களை ஆராய்ந்தார்கள். 20 வயதில் மிகச் சிறந்தவர்களின் சராசரிப் பயிற்சி அந்த எண்ணை ஒட்டி இருந்தது. சராசரி என்றால் அதற்குக் கீழேயும் ஆட்கள் உண்டு. அது யாரும் கடக்கவேண்டிய எல்லைக்கோடு அல்ல. ஊர் மறந்துவிட்ட தகவல் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது: சிறந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், பகலிலும் குட்டித் தூக்கம் போட்டார்கள்.

மூளையைப் படமெடுத்துப் பார்க்கலாமா?

எடுக்க வேண்டாம். இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. 2004இல் ஜெர்மனியில் போக்டன் டிராகன்ஸ்கி குழுவினர், மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையைச் சிலருக்கு மூன்று மாதம் பழக்கி, முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்தார்கள். அசையும் பொருளைப் பார்க்க உதவும் பகுதிகளில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருள் சற்றுக் கூடியிருந்தது. பயிற்சியை விட்டதும் மூன்று மாதத்தில் மீண்டும் குறைந்தது. அந்தப் படங்கள்தான் இன்றும் சுற்றுகின்றன.

அவை பலருடைய படங்களைச் சேர்த்துச் சராசரி கண்ட முடிவுகள். மாற்றம் சில சதவீதம்தான். தனி ஒருவரின் ஒற்றைப் படத்தைப் பார்த்து ‘இவர் எட்டு மாதம் வயலின் படித்தவர்’ என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கூடியது புதிய நரம்பிணைப்புகளா, துணைச் செல்களா, இரத்தக் குழாய்களா என்பதையும் அந்தப் படம் பிரித்துக் காட்டாது. தேவையில்லாமல் எடுத்த ஸ்கேனில் யாதொரு தீங்கும் செய்யாத சின்னப் புள்ளி ஒன்று தென்பட்டு, ஆறு மாதம் தூக்கம் தொலைத்தவர்களை நான் என் அறையில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். மருத்துவர் விரலுக்காகக் கேட்டால் எடுங்கள், ஆர்வத்துக்காக எடுக்காதீர்கள்.

2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதே பந்து வித்தையை ஆறு வாரம் பழக்கிப் பார்த்தார்கள். இந்த முறை மூளைப் பகுதிகளை இணைக்கும் வெண்பொருளிலும் மாற்றம் தெரிந்தது. யார் எவ்வளவு நன்றாகக் கற்றார் என்பதற்கும் மாற்றத்தின் அளவுக்கும் தொடர்பு இல்லை. தட்டுத் தடுமாறியவர்களின் மூளையும் மாறியிருந்தது. சிறுமியோடு உங்களை ஒப்பிட்டு மனம் நொந்த இரவுகளில் இதை நினைத்துக்கொள்ளலாம்.

வயது

பொய் சொல்லி ஆறுதல் தரமாட்டேன். சிறுவயதில் தொடங்குவது நல்லதுதான். 1995இல் தாமஸ் எல்பர்ட் குழுவினர் தந்திக் கருவி வாசிப்பவர்களின் மூளையில் இடது கை விரல்களுக்கான இடம் விரிந்திருப்பதைக் கண்டார்கள்; சீக்கிரம் தொடங்கியவர்களிடம் அது கூடுதல். அந்தச் சிறுமி உங்களை முந்துவாள். முந்தட்டும்.

ஆனால் உங்கள் கேள்வி ‘என்னால் முடியுமா’ என்பது. பந்து வித்தையை 60 வயதை ஒட்டியவர்களுக்கும் பழக்கிப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. இளையோரைப் போல அத்தனை பேர் தேர்ச்சி பெறவில்லை. தேர்ந்தவர்களின் மூளையில் அதே காட்சிப் பகுதியில் அதே வகை மாற்றம் இருந்தது. நான் 46 வயதில் நீச்சல் கற்றவன். கூடப் படித்த ஏழு வயதுப் பையன்கள் மூன்று வாரத்தில் குளத்தைக் கடந்தார்கள். எனக்கு ஒரு வருடம் ஆனது. தண்ணீருக்கு என் வயது தெரியவில்லை என்பதைத் தவிர இதில் சொல்ல எதுவும் இல்லை.

மின்சாரக் கருவி

பரிசோதனைக் கூடத்தில், ஒன்று அல்லது இரண்டு மில்லியாம்பியர் அளவில், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்துக்குச் செலுத்தி ஆராய்கிறார்கள். சில ஆய்வுகளில் பலன் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவியால் தோல் புண்ணாகலாம். மின்னோட்டம் எந்தப் பகுதிக்குப் போகிறது என்பதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல ஆசிரியரிடம் சில தனி வகுப்புகள் எடுத்துக்கொள்ளலாம்.

நிறுத்தினால் போய்விடுமா?

மெருகு போகும். அடித்தளம் அவ்வளவு எளிதில் போகாது. வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த அறுவைச் சிகிச்சையில், புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதியை இழந்தவர் ஹென்றி மொலேசன். நட்சத்திரம் ஒன்றைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு வரையும் கடினமான வேலையை, பிரெண்டா மில்னர் அவருக்கு மூன்று நாள் கொடுத்தார். இதற்கு முன் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கையோ நாளுக்கு நாள் தேறியது. கை கற்பது வேறொரு கிடங்கில் சேர்கிறது; அந்தக் கிடங்கு உறுதியானது.

டிராகன்ஸ்கியின் படத்தில் மூளைப் பகுதி திரும்பக் குறைந்ததே என்று கேட்பீர்கள். 2017இல் வெளியான பெர்லின் ஆய்வு ஒன்றில், வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது கையால் எழுதவும் வரையவும் ஏழு வாரம் பழகினார்கள். முதல் நான்கு வாரம், அசைவுகளைச் செலுத்தும் இயக்கப் புறணி சற்றுத் தடித்தது. பிறகு பயிற்சி தொடரும்போதே, திறமை கூடிக்கொண்டிருக்கும்போதே, மீண்டும் குறையத் தொடங்கியது. கட்டடம் எழும்பும்போது சாரம் கட்டி, பிறகு அவிழ்ப்பதுபோல் என்று நான் புரிந்துகொள்கிறேன். தடிப்பு குறைவதால் கற்றது போயிற்று என்று பொருளில்லை.

இனி என்ன செய்யலாம்

மூன்று வழிகள் உங்கள் முன் இருக்கின்றன. நிறுத்திவிடுவது ஒன்று. மகிழ்ச்சிக்காகத் தொடங்கியது வதையாகிவிட்டது என்று தோன்றினால் நிறுத்துவதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் ‘மூளை கிழடாகிவிட்டது’ என்ற காரணத்துக்காக நிறுத்தாதீர்கள், அது உண்மையல்ல. இப்படியே தொடர்வது இரண்டாவது. இதை மட்டும் நான் மருத்துவனாக எதிர்க்கிறேன். முறையை மாற்றித் தொடர்வது மூன்றாவது. அதற்கு என் யோசனைகள்:

இரண்டு வாரம் இடது கைக்கு விடுப்பு. முழங்கையை மடக்கிவைத்துத் தூங்குவதையும் தவிருங்கள். விருப்பமிருந்தால் இடது விரல் எதுவும் வைக்காத திறந்த தந்திகளில், வலது கையால் வில்லை மட்டும் பழகலாம். மீதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலும் விழுவதை மனத்துக்குள் வாசியுங்கள். இது சமாதானப் பேச்சு அல்ல. 1995இல் ஆல்வரோ பாஸ்குவல்-லியோனி குழுவினர், பியானோவில் ஐந்து விரல் பயிற்சி ஒன்றைச் சிலரை ஐந்து நாள் மனத்தால் மட்டும் வாசிக்கவைத்தார்கள். வாசித்துப் பழகியவர்களின் மூன்றாம் நாள் நிலையை அவர்கள் எட்டியிருந்தார்கள். அதன்பின் இரண்டு மணி நேரம் உண்மையில் வாசித்ததும் வித்தியாசமே மறைந்தது.

மருத்துவர் சம்மதித்ததும், நாளுக்கு ஒரு மணி நேரம். அதையும் காலை, மாலை என இருபது நிமிடத் துண்டுகளாக்குங்கள். துண்டுக்குத் துண்டு எழுந்து கையை நீட்டி உதறுங்கள். ஒரு துண்டுக்குள் மூன்று வரிசைகளை எடுத்துக் கலைத்து வாசியுங்கள்; எதையும் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் வேண்டாம். விரல் மடங்கினாலோ மரத்தாலோ, அந்த நொடியில் வயலினைக் கீழே வையுங்கள். விரலைப் பார்த்துக்கொண்டே வாசிக்காமல் எழும் ஒலியைக் கவனியுங்கள். உடலுறுப்பின் மீது கவனம் வைப்பதைவிட அசைவின் விளைவில் கவனம் வைப்பது பல திறன்களில் நல்ல பலன் தந்திருக்கிறது. தோள், தாடை, கட்டைவிரல் எங்கே இறுகுகின்றன என்று ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்டு விரல் மடங்குவதற்குப் பல நேரம் காரணம் கட்டைவிரலின் இறுக்கமாக இருக்கும். அதை என்னைவிட அவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார்.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெழுதுவது உங்களுக்குக் கைவந்த கலை. தினமும் காலையில் முதல் வாசிப்பை மட்டும் அலைபேசியில் பதிவுசெய்து, எத்தனை இடத்தில் சுருதி விலகியது என்று எண்ணி எழுதுங்கள். இரவு எப்படி வாசித்தீர்கள் என்பதை எழுதவே எழுதாதீர்கள். பத்து வாரம் கழித்து அந்த நோட்டையும் நரம்புக் கடத்தல் சோதனை முடிவையும் வைத்துக்கொண்டு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். ஏழு பக்கமானாலும் படிப்பேன். விரலைப் பற்றிய வரியை மட்டும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.